கிரப் தெருவின் கடிகாரம்

வேகமாக எழுதுகிறவன் வியாபாரி, மெதுவாக எழுதுகிறவன் கலைஞன் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வெகுநாளாக இருந்து வருகிறது. யாரும் விவாதித்து அடைந்த முடிவு அல்ல இது. சிறுபத்திரிகை உலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவனும் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதுபோல் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடுகிற ஓர் ஆசாரம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே நம்பிக்கைதான், தலைகீழாக. மாதத்துக்கு இத்தனை நாவல், வாரத்துக்கு இத்தனை தொடர்கதை என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு உள்ள பெருமிதமும், பத்து வருஷத்தில் எட்டுக் கதை எழுதினேன் என்று சொல்லிக்கொள்வதில் நம்மவர்களுக்கு உள்ள பெருமிதமும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்தவை. எழுத்தைப்பற்றி இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பணத்துக்காக வேகமாக எழுதுவது என்றால் என்ன, அதில் எது எழுத்தைக் கெடுக்கிறது என்ற கேள்வியை ஒரு நாவலாகவே எழுதிப் பார்த்தவர் ஜார்ஜ் கிஸ்ஸிங் (1857–1903). அவருடைய 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' 1891ல் வெளிவந்தது. கிரப் தெரு லண்டனில் உண்மையிலேயே இருந்த ஒரு தெரு. கூலிக்கு எழுதிப் பிழைத்தவர்கள் குடியிருந்த இடம் என்பதால் அந்தப் பெயரே அத்தகைய எழுத்துக்குப் பெயராகிவிட்டது. டாக்டர் ஜான்ஸன் தமது 1755 அகராதியில் அந்தத் தெருப் பெயருக்குப் பொருள் சொல்லும்போது, அங்கே குடியிருப்பவர்களின் பட்டியலில் அகராதி எழுதுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1830ல் தெருவின் பெயர் மில்டன் தெரு என்று மாற்றப்பட்டது. பெயரைத்தான் மாற்ற முடிந்தது, தொழில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்பதுதான் கிஸ்ஸிங்கின் தலைப்பில் உள்ள 'நியூ'வுக்கு அர்த்தம்.

நாவலின் இரண்டு முனைகளில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் எட்வின் ரியர்டன். ஓரளவு பேசப்பட்ட நாவல்களை எழுதியவன். கல்யாணம் செய்துகொண்டபின் குடும்பம் நடத்துவதற்காக எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் போனவன். இன்னொருவன் ஜாஸ்பர் மில்வெய்ன். இலக்கியம் இன்று ஒரு தொழில், சந்தையில் எது போகும் என்று தெரிந்துகொண்டு அதைக் கொடுப்பவன்தான் பிழைப்பான் என்று நாவலின் முதல் அத்தியாயத்திலேயே பிரகடனம் செய்துவிடுகிறவன். ஓரிடத்தில் அவன் தன் சகோதரிகளிடம் ஒரு நாள் வேலையைக் கணக்குச் சொல்கிறான்: காலைச் சாப்பாட்டோடு ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தது, முற்பகலுக்குள் மதிப்புரை எழுதி முடித்தது, பிறகு இன்னொரு பத்திரிகைக்கு ஒரு கட்டுரை, அதற்குப் பிறகு மற்றொன்று. மளிகைக் கடைக்காரன் ராத்திரி கல்லாப்பெட்டியை எண்ணுகிற திருப்தி அவன் குரலில் இருக்கிறது. ரியர்டன் வறுமையில் மனைவியைப் பிரிந்து நோயில் சாகிறான். மில்வெய்ன் பத்திராதிபனாகி, சொத்து வந்துசேர்ந்த ரியர்டனின் விதவை ஏமியையே கல்யாணமும் செய்துகொள்கிறான்.

இப்படிச் சுருக்கினால் நமக்கு மிகவும் பிடித்தமான நீதிக்கதை ஒன்று கிடைத்துவிடும். வியாபாரி ஜெயித்தான், கலைஞன் செத்தான். ஆனால் கிஸ்ஸிங் இந்தச் சௌகரியத்தை நமக்குத் தரவில்லை. ரியர்டன் மகத்தான கலைஞன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அவனுடைய தாமதம் ஆழத்தின் விளைவும் அல்ல. பயம், வீட்டு வாடகை, மனைவியின் மௌனம் இவற்றின் விளைவு. தினமும் இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்கிறான், எழுதியதைக் கிழிக்கிறான், மறுபடி ஆரம்பிக்கிறான். கடைசியில் 'மார்கரெட் ஹோம்' என்ற ஒரு நாவலை எப்படியோ ஒப்பேற்றி முடிக்கிறான். அது எப்படி முடிந்தது என்று கிஸ்ஸிங் சொல்லும் இடம், எழுதுகிறவன் எவனும் நிதானமாகப் படிக்கவேண்டிய இடம். ஓர் இடத்தை வர்ணிக்கவும், ஒரு மனசின் போக்கை ஆராயவும் மிகுந்த முயற்சி தேவைப்பட்டதால், ரியர்டன் பேச்சை நிறைய எழுதுகிறான். பேச்சு என்றால் பக்கம் சீக்கிரம் நிரம்பும். மெதுவாக எழுதுகிறவனும் ஏமாற்றுகிறான். முக்கி முனகி எழுதியதால் மட்டும் ஒரு பக்கத்துக்குச் சத்தியம் வந்துவிடுவதில்லை.

ரியர்டனுக்கு ஏன் அத்தனை பக்கம் தேவைப்பட்டது? இதற்குப் பதில் அவன் மனசில் இல்லை, அன்றைய இங்கிலாந்தின் நூலகக் கடைகளில் இருக்கிறது. விக்டோரியா காலத்தில் நாவல் மூன்று பாகங்களாக வரவேண்டும், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த விலைக்குச் சாமான்ய வாசகன் வாங்கமாட்டான். வாங்குகிறவர்கள் மூடி போன்ற வாடகை நூலகக்காரர்கள். வருஷத்துக்கு ஒரு கினி சந்தா கட்டியவன் ஒரு நேரத்தில் ஒரு பாகம் எடுத்துப் போகலாம். ஆக மூன்று பாக நாவல் ஒன்று ஒரே நேரத்தில் மூன்று சந்தாதாரர்களிடம் வேலை செய்யும். நூலகக்காரனுக்கு லாபம், நிச்சயமாக விற்றுவிடும் என்பதால் பிரசுரகர்த்தனுக்கும் லாபம். எழுதுகிறவன் ஒரு பாகத்துக்கான அனுபவத்தை மூன்று பாகத்துக்கு இழுக்கவேண்டும். 1894ல் நூலகங்கள் தங்களுக்கே இது கட்டுப்படியாகவில்லை என்று கண்டு, பாகத்துக்கு 4 ஷில்லிங்குக்குமேல் தர முடியாது என்று அறிவித்தன. சில வருஷங்களில் மூன்று பாக நாவல் என்ற வடிவமே மறைந்துபோயிற்று. ஒரு கலை வடிவம் என்று விமர்சகர்கள் பேசிக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு வாடகைக் கணக்கு. இந்த விவரத்திலிருந்து ஒன்று புலப்படுகிறது. வியாபாரம் எழுத்தாளனிடம் முதலில் கேட்பது வேகத்தையல்ல. எழுதப்படுகிற விஷயம் பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்ட ஓர் அளவைக் கேட்கிறது. வேகம் அதற்குப் பின்னால் வருகிறது. நம்முடைய மாத நாவல்களின் பக்க எண்ணிக்கையும், வாரத் தொடரின் அத்தியாயம் சரியாக ஓர் ஆபத்தில் முடிவதும் இதே ஜாதிதான்.

வேகமே குற்றம் என்று சொல்லவந்தால் முதலில் கிஸ்ஸிங்கைத்தான் கூண்டில் ஏற்றவேண்டும். வேகமாக எழுத முடியாதவனைப் பற்றிய இந்தப் பெரிய நாவலை, பல தவறான தொடக்கங்களுக்குப் பிறகு, 1890ன் கடைசியில் சுமார் இரண்டு மாதத்தில் அவர் எழுதி முடித்தார். 150 பவுனுக்கு உரிமையை முழுசாக விற்றார். அதுவும் மூன்று பாக நாவல்தான். எந்த அமைப்பைச் சாடினாரோ அதன் அளவுக்கே தைத்துக் கொடுத்தார். ஜான்ஸன் 1759ல் தாயாரின் ஈமச் செலவுக்காக 'ராஸலஸ்' நாவலை ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் எழுதியதாகப் பாஸ்வெல் சொல்கிறார். டாஸ்டாயெவ்ஸ்கியின் கதை இன்னும் கடுமையானது. கடன்காரர்களுக்குப் பயந்து 1865ல் ஸ்டெல்லாவ்ஸ்கி என்ற பிரசுரகர்த்தனிடம் 3000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1ந் தேதிக்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் ஒரு காசு தராமல் பிரசுரிக்கும் உரிமை அவனுக்கு. 'குற்றமும் தண்டனையும்' பத்திரிகையில் வந்துகொண்டிருந்த அதே வருஷம், அக்டோபர் மாதத்தில், அன்னா என்ற இளம் சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். கெடு நாளில் பிரசுரகர்த்தன் வேண்டுமென்றே ஊரில் இல்லை. கைப்பிரதியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். இதைவிடக் கேவலமான வியாபார நிர்ப்பந்தத்தில் ஒரு நாவல் பிறக்க முடியாது. ஆனால் அந்த நாவலில் அவசரத்தின் காய்ச்சல் இருக்கிறதே தவிர, அவசரத்தின் பொய் இல்லை. சூதாட்ட மேஜையின் முன் நிற்கிறவனுடைய மூச்சுமுட்டல், சூதாடியே கடன்பட்ட ஒருவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எழுதும் அவசரமும் எழுதப்படும் அவசரமும் ஒன்றாகிவிட்டன.

ட்ராலப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கடிகாரத்தை மேஜைமேல் பகிரங்கமாக வைத்தவர் அவர்தான். 1882ல் இறந்துபோய் 1883ல் வெளிவந்த சுயசரிதையில் அவர் தம் தொழில் ரகசியம் அத்தனையையும் சொல்லிவிட்டார். விடியற்காலை 5.30க்கு உட்கார்ந்துவிடவேண்டும், எழுப்பிக் காபி கொண்டுவருவதற்காகக் குதிரைக்காரக் கிழவனுக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகச் சம்பளம், கால் மணிக்கு 250 வார்த்தை, அன்றன்று எழுதிய பக்கங்களுக்கு டயரிக் குறிப்பு. ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததை ஆரம்பித்ததைக்கூடச் சொல்கிறார். புத்தகத்தின் கடைசியில், எழுத்தால் வந்த மொத்த வருமானம் 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று பென்ஸ்வரை கணக்கு. இதில் பல வருஷம் தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்துக்கொண்டே. இதைப் படித்தபின் இலக்கிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், பல காலம் அவருடைய மதிப்பு இறங்கிக் கிடந்தது. ஆனால் அதே சுயசரிதையில் யாரும் மேற்கோள் காட்டாத விஷயங்களும் இருக்கின்றன. அந்தக் காலை வேளையில் முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைத் திரும்பப் படித்து அதன் ஓசையைக் காதில் வாங்குவதற்கு. கதாபாத்திரங்களோடு தாம் சதா வாழ்ந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார். ஒரு நாள் கிளப்பில் இரண்டு பாதிரிமார்கள், இந்த ஆள் பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று அலுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த ட்ராலப் எழுந்துபோய், நான்தான் அந்த ஆள், வீட்டுக்குப் போய் அந்த அம்மாளைக் கொன்றுவிடுகிறேன் என்று சொன்னார். மிஸஸ் ப்ரௌடி 'லாஸ்ட் க்ரானிகிள் ஆஃப் பார்ஸெட்'டில் செத்துப்போனாள். பிற்பாடு அவளுடைய ஆவியோடு இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதாக எழுதினார். யந்திரத்துக்கு இப்படி ஒரு வருத்தம் வராது. பால்ஸாக்கைப் பற்றியும் இதையே சொல்லவேண்டும். கடனுக்காகவும் காபியின் பலத்திலும் ராத்திரி முழுக்க எழுதியவர், அச்சுக்கோர்த்து வந்த புரூப்பை அடையாளம் தெரியாமல் அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்புவார், ஒரு தரம் அல்ல, பல தரம். திருத்தச் செலவு அவர் பணத்திலிருந்தே போயிற்று. வேகத்தில் சம்பாதித்ததைத் தாமதத்துக்குச் செலவழித்த மனுஷன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கிறபோது, எத்தனை நாளில் எழுதினான் என்பது கேட்கவேண்டிய கேள்வியாகத் தெரியவில்லை. எழுதப்படுகிற விஷயம் எழுதுகிறவனைத் தடுக்க ஓர் இடம் அந்த முறையில் இருந்ததா என்பதே கேள்வி. ட்ராலப்புக்கு அந்த அரை மணி. பால்ஸாக்குக்குப் புரூப் காகிதம். டாஸ்டாயெவ்ஸ்கிக்குத் தம் சொந்த நாசத்தின் ஞாபகம், எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஜீவன். இல்லை, இது இப்படி இல்லை என்று வார்த்தையோ பாத்திரமோ அனுபவமோ எழுந்து சொல்வதற்கு இடம் இருக்கிறவரை, மணிக்கு ஆயிரம் வார்த்தையானாலும் அது எழுத்து. அந்த இடம் அடைபட்டுப்போனால், வருஷத்துக்கு ஒரு பக்கமானாலும் அது ஜோடனை. மில்வெய்னின் நாளில் அந்த இடம் கிடையாது. அவனுக்குத் திறமை இல்லாமல் இல்லை, நேர்மையும்கூட ஒரு விதத்தில் உண்டு, தான் எழுதுவது குப்பை என்று அவனே சொல்கிறான். அவனுக்கு வாசகன் என்ன விரும்புகிறான் என்பது தெரியும். விஷயம் என்ன கேட்கிறது என்பதைக் கேட்கும் காது அவனிடம் இல்லை, அல்லது அதை அவன் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திப்போட்டிருக்கிறான்.

கிஸ்ஸிங்கின் தீர்க்கதரிசனம் மில்வெய்னோடு நிற்கவில்லை. வெல்ப்டேல் என்று ஒரு வேடிக்கையான பாத்திரம். நாவலாசிரியனாகத் தோற்றவன், நாவல் எழுதுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறான். தோற்ற தொழிலையே பாடமாக்கி விற்கிற இந்த ஜாதி இன்று எத்தனை செழித்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அவனுக்கு இன்னொரு யோசனை. 'சாட்' என்ற நொடித்த பத்திரிகையை 'சிட்-சாட்' என்று பெயர் மாற்றவேண்டும். எந்தக் கட்டுரையும் இரண்டு அங்குலத்துக்குமேல் போகக்கூடாது. ரயிலிலும் டிராமிலும் போகிற, பள்ளிக்கூடங்கள் உற்பத்தி செய்த கால்வாசிப் படிப்புக்காரர்களுக்கு அதற்குமேல் கவனம் நிற்காது. ஜார்ஜ் ந்யூன்ஸ் 1881ல் ஆரம்பித்த 'டிட்-பிட்ஸ்' பத்திரிகை இதே வழியில் வெற்றி கண்டுகொண்டிருந்த சமயம் அது. இங்கே வேகம் எழுதுகிறவனை விட்டு வாசகனுக்குத் தாவிவிடுகிறது. சீக்கிரம் உற்பத்தி செய்வது மட்டும் போதாது, சீக்கிரம் தீர்த்துவிட்டு அடுத்ததைக் கேட்கிற வாசகனையும் உற்பத்தி செய்தாகவேண்டும். இது நடந்துவிட்டபின் தனி எழுத்தாளன் மெதுவாக எழுதித் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஹரால்ட் பிஃபன் அப்படி முயன்றவன். 'மிஸ்டர் பெய்லி, க்ரோஸர்' என்ற நாவலைச் சொட்டுச் சொட்டாக எழுதுகிறான். வீடு தீப்பற்றியபோது உயிரைப் பணயம் வைத்துக் கைப்பிரதியைக் காப்பாற்றுகிறான். அது பிரசுரமாகிறது. உலகம் அசையவில்லை. பட்னி ஹீத் வெளியில் விஷம் குடித்துச் சாகிறான். கிஸ்ஸிங் அவனைக் கேலி செய்யவில்லை, தெய்வமாக்கவும் இல்லை.

மரியன் யூலிடம் வருகிறேன், ஏனென்றால் இன்று இந்த நாவலை எடுத்துவைத்துப் பேச அவள்தான் காரணம். பிரிட்டிஷ் மியூஸியம் வாசகசாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து தகப்பனுக்காகக் குறிப்பெடுத்துக் கட்டுரை எழுதுகிறாள்; ஆல்பிரட் யூல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறான். ஏற்கனவே ஒருவரும் படித்து முடிக்க முடியாத அளவு புத்தகங்கள் இருக்க, அவற்றிலிருந்து இன்னும் புத்தகங்கள் உண்டாக்குவது எதற்கு என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றுகிறது. பத்திரிகையில் 'இலக்கிய யந்திரம்' என்ற விளம்பரத்தைப் பார்க்கிறாள். தன்னைப் போன்ற பாவப்பட்ட ஜீவன்களுக்குப் பதிலாகக் கட்டுரைகளை உற்பத்தி செய்யும் இயந்திர மனுஷனைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று ஒரு கணம் நம்பிக்கை. பிறகு பார்த்தால் அது புத்தகத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஏதோ ஒரு சாதனம். ஆனால் பழைய புத்தகங்களை உள்ளே போட்டால் புதுப் புத்தகமாகக் கலந்து தருகிற யந்திரம் சீக்கிரம் வந்துவிடும் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

130 வருஷத்துக்குப் பிறகு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகை, யந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கதைகளை வாங்குவதையே சில காலம் நிறுத்திவைத்தது. சுலபமாகப் பணம் என்ற ஆசை காட்டப்பட்டவர்கள் அனுப்பியவை அவை. அதே வருஷம் செப்டம்பரில் அமேஸான், தன்னிடம் சுயமாகப் புத்தகம் பிரசுரிக்கிற ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று தலைப்புகளுக்குமேல் போடக்கூடாது என்று வரம்பு கட்டியது. நாளைக்கு மூன்று புத்தகம் என்பது கட்டுப்பாடாக வைக்கப்படுகிற காலத்தில், கால் மணிக்கு 250 வார்த்தை எழுதிய ட்ராலப் தவசியாகத் தெரிகிறார்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விபரீதம் என்று நினைப்பது சரித்திரம் தெரியாத பேச்சு. ட்யூமாவின் பெயரில் வந்த நாவல்களில் ஆகஸ்ட் மாகேயின் உழைப்பு எவ்வளவு என்பது கோர்ட்டுவரை போன விஷயம். மாகேக்குப் பணம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்ட்ராட்மையர் என்பவர் கதைச் சுருக்கத்தை எழுதிக் கொடுத்து, கூலிக்கு ஆள் வைத்து நாவலாக்கி, இல்லாத ஆசிரியர்களின் பெயரில் வெளியிட்டார். 1930ல் வந்த முதல் 'நான்ஸி ட்ரூ' கதைகளை எழுதிய மில்ட்ரெட் பென்ஸனுக்கு ஒரு புத்தகத்துக்கு 125 டாலர், உரிமை எதுவும் இல்லை. அட்டையில் கரோலின் கீன் என்ற, பிறக்கவே பிறக்காத ஒருத்தியின் பெயர். எழுத்தாளனிடமிருந்து பெயரை முதலில் பிரித்தார்கள். இப்போது எழுத்திலிருந்து எழுத்தாளனையே பிரித்தாயிற்று. முதல் வெட்டு விழுந்தபோது நாம் சும்மா இருந்தோம், காரணம் அது வெகுஜன எழுத்து, நமக்குச் சம்பந்தமில்லை.

மரியன் எதிர்பார்த்த விடுதலையும் கிடைக்கவில்லை. யந்திரம் அவளுடைய அலுப்பை வாங்கிக்கொள்ளும்போது அவளுடைய சோற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. யந்திரத்தின் உற்பத்தியில் பிழை இருப்பதோ நடை மோசமாக இருப்பதோ என் ஆட்சேபணை அல்ல. அவற்றை நாளைக்குச் சரிசெய்துவிடுவார்கள். அதில் தடை இல்லை என்பதே ஆட்சேபணை. கேட்டவுடன் கொடுக்கிறது. எதைக் கேட்டாலும் கொடுக்கிறது. இதை என்னால் எழுத முடியாது, ஏனென்றால் இது எனக்கு நடக்கவில்லை என்று அது நிற்பதில்லை. மில்வெய்ன் தன் மனச்சாட்சியை அடக்கி அடைந்த நிலையை, அடக்குவதற்கு ஒன்றும் இல்லாமலே அடைந்துவிட்ட பூரண மில்வெய்ன் அது.

இந்த இடத்தில் நம் கூட்டம் தன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மெதுவாக எழுதுவதற்கு வயிறு நிரம்பியிருக்கவேண்டும். ஃப்ளாபெருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. 'மேடம் பவாரி'க்கு ஐந்து வருஷம் செலவழிக்க முடிந்தது. நம்மில் வருஷத்துக்கு இரண்டு கவிதை எழுதுகிறவர்களுக்கு பாங்கு உத்தியோகமோ, வாத்தியார் வேலையோ, ஊரில் கொஞ்சம் நிலமோ இருக்கிறது. பக்கக் கணக்கில் மொழிபெயர்த்தும், புரூப் திருத்தியும், வாரப் பத்திரிகைக்கு அவசரக் கதை கொடுத்தும் பிழைத்தவனைப் பார்த்து நாம் உதட்டைப் பிதுக்கியதில் எத்தனை பங்கு இலக்கியத் தீவிரம், எத்தனை பங்கு மாதச் சம்பளக்காரனின் இளக்காரம் என்று பிரித்துப் பார்க்கிற காலம் வந்துவிட்டது. பாரபட்சம் காட்டச் சொல்லவில்லை. அவசரத்தில் எழுதிய கதை பொய்யாக இருந்தால் பொய் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொய் எந்த வாக்கியத்தில் நுழைந்தது, எந்த இடத்தில் தடை வந்து எழுதியவன் அதைத் தாண்டிக் குதித்தான் என்று காட்டியாகவேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லி ஒருவனை ஒதுக்குவது விமர்சனம் ஆகாது. அதுவும் ஒருவகை மலிவு உற்பத்தி, மிகக் குறைந்த நேரத்தில் தீர்ப்பு தயாரிக்கிற முறை.

கிஸ்ஸிங்கின் நாவலில் ஒரு சம்பவத்தை விமர்சகர்கள் பெரும்பாலும் கதை நகர்வுக்கான உபாயம் என்று கடந்துபோய்விடுகிறார்கள். ரியர்டன் இறந்தபின் அவனுடைய நாவல்களைப் பற்றி மில்வெய்ன் ஒரு கட்டுரை எழுதுகிறான். நோக்கம் சுத்தமானது அல்ல. ஏமியின் பார்வை தன்மேல் விழவேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தக் கட்டுரையின் பலத்தில்தான் ரியர்டனின் புத்தகங்கள் மறுபிரசுரம் காண்கின்றன. நன்றாக எழுதப்பட்ட கட்டுரை, அங்கங்கே உண்மையான உணர்ச்சி தொட்ட கட்டுரை என்று கிஸ்ஸிங் தம் சொந்தக் குரலில் சொல்கிறார். மில்வெய்னை இவ்வளவு இரக்கமின்றிக் காட்டியவர் இந்த ஒரு வரியை அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அவன் மாறிவிடவில்லை, அடுத்த நாள் பழைய வேலைக்குத்தான் போயிருப்பான். ஆனால் அந்தப் பக்கங்களை எழுதுகிறபோது, தனக்குத் தெரிந்த ஒரு மனுஷனுடைய சாவு அவன் பேனாவைக் கொஞ்ச நேரமாவது பிடித்து நிறுத்தியிருக்கிறது.